பன்னிரண்டாம் பிரிவும் என் வெளிநடப்பும்

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒருமுறை ஒரு நாட்டின் இறையாண்மையை, ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு இழந்தேன். அந்த நாடு கற்பனையானது என்பது ஓரளவு ஆறுதல். தூண் உண்மையானது.

நான் அதிகம் பேசுகிறவள் அல்லள். உணவகத்தில் மாதுளைச் சாறு கேட்டு மாம்பழச் சாறு வந்தால், மாம்பழம்தான் கேட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் குடித்துவிடுவேன். டாக்ஸி ஓட்டுநர் தவறான தெருவில் திரும்பியபோது அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, அவர் நிறுத்திய இடத்திலேயே இறங்கி வீடுவரை நடந்திருக்கிறேன் (ஜூலை மாதத்தில், அபுதாபியில், பட்டப்பகலில்). ஆனால் எழுதச் சொன்னால் நிலைமை வேறு. எழுத்தில் நான் மிகவும் துணிச்சலானவள். என் கட்டுரைகளில் உலகத்தையே கண்டித்திருக்கிறேன்.

இந்தத் துணிச்சலை நம்பித்தான், இளங்கலை இலக்கியம் இறுதியாண்டு படித்தபோது, எங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை நடத்திய மாதிரி உடன்படிக்கை மாநாட்டில் பெயர் கொடுத்தேன். இரண்டு கற்பனை நாடுகள். ஒன்று, கடலோரக் குடியரசு. இன்னொன்று, வடமலைக் கூட்டாட்சி. வடமலையின் படைவீரர்கள் கூட்டுப் பயிற்சிக்காகக் கடலோரத்தில் வந்து தங்கப் போகிறார்கள். அப்படி வருகிறவர்களில் ஒருவர் ஜீப்பை ஓட்டிச் சென்று உள்ளூர்க்காரர் ஒருவரை இடித்துவிட்டால், அவரை விசாரிப்பது யார்? இங்கிருக்கும் நீதிமன்றமா, அவர் ஊர் நீதிமன்றமா? அவருடைய உரிமத்தில் இங்கே வண்டி ஓட்டலாமா? சீருடையோடு கடைத்தெருவுக்கு வரலாமா? அவருடைய சமையற்காரருக்கும் இதே சலுகை உண்டா? அந்நியப் படையினருக்கான சட்டப் பாதுகாப்பு என்று நிஜ நாடுகள் மாதக்கணக்கில் வாதாடும் இவற்றை நாங்கள் ஒரே நாளில் முடிக்க வேண்டும். நான் கடலோரக் குடியரசின் தூதுக்குழுத் தலைவி. அதாவது, விருந்தாளியை வரவேற்று, அதே சமயம் வீட்டுச் சாவியைக் கொடுக்காமலிருக்க வேண்டியவள்.

எனக்கு இது விளையாட்டாக இருக்கவில்லை. பார்வையாளர் வரிசையில் ஒரு சட்ட அலுவலகத்திலிருந்து இருவர் வரப் போவதாகவும், ஒப்பந்தங்களுக்கு மொழி திருத்தும் பயிற்சிப் பணிக்கு ஒருவரை அன்றே தேர்ந்தெடுக்கப் போவதாகவும் அறிவித்திருந்தார்கள். அப்பாவின் தீர்ப்போ முன்பே வந்துவிட்டது: வேலை கிடைத்தால் முதுகலையை இங்கேயே படிக்கலாம், இல்லாவிட்டால் திருச்சி, மகளிர் விடுதி. திருச்சி மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் ஒரே அறையில் நான்கு பேர் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான்கு பேருடன் நான் பேச வேண்டியிருக்கும்.

அப்பா முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு வாகனப் பட்டறையின் மேற்பார்வையாளர். மாநாட்டுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சாப்பாடு கொண்டு போனபோது, பணியில் இருக்கும்போது இடித்தால் வீரரை அவர் நாடே விசாரிக்கும், பணியில் இல்லாதபோது இடித்தால் இங்கிருக்கும் நீதிமன்றம், இதில் எது பணி என்ற என் சிக்கலை அவரிடம் கேட்டேன். அவர் அங்கிருந்த ஓட்டுநர்களிடம் அதைத் தள்ளிவிட்டார். சர்வதேசச் சட்டம் அன்று ஒரு கழற்றிய இன்ஜினைச் சுற்றி விவாதிக்கப்பட்டது.

"சாமான் ஏத்திக்கிட்டுப் போறப்ப இடிச்சா டூட்டி. இதுல என்ன சந்தேகம்?" என்றார் ஒருவர்.

"இறக்கிட்டு வெறும் வண்டியா வர்றப்ப?"

"அதுவும் டூட்டிதான். வண்டி என்ன தானா திரும்பி வருமா?"

"நடுவுல ஒரு சாயாவுக்கு ஓரங்கட்டுறப்ப இடிச்சா?"

ஒருவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"சாயா குடிக்காம எவன்யா இந்த வெயில்ல ஓட்டுவான்? அதுவும் டூட்டி."

"சாயாவோட ஒரு பரோட்டா?"

"அது ஆஃப்," என்றார் அப்பா கண்டிப்பாக. பட்டறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

செல்வராஜ் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர்; பிக்கப் ஓட்டுகிறார். அவருடைய இடது முழங்கால் முழுதாக மடங்காது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் வேன் அவர்மீது மோதியது. அந்த நிறுவனம், எங்கள் ஓட்டுநர் அன்று பணியில் இல்லை, ஆகவே நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு தாளை அனுப்பியது. அத்தோடு கலாஸ், எல்லாம் முடிந்தது.

"பாப்பா, டூட்டியா இல்லையான்னு லெட்டர் குடுக்கிறது யாரு?" என்றார்.

"அந்த வீரருடைய தளபதிதான் அண்ணா."

"அடிபட்டவன் நம்ம ஆளு. லெட்டர் எழுதுறது இடிச்சவனோட முதலாளி. நல்லாயிருக்கு நாயம். அந்த லெட்டரை யாராச்சும் திருப்பிக் கேள்வி கேக்கலாமா, கூடாதா? அதை மட்டும் எழுது பாப்பா, போதும்."

அன்றிரவே எழுதினேன். பன்னிரண்டாம் பிரிவு: தளபதி அளிக்கும் பணிச் சான்று ஒரு சாட்சியமாக ஏற்கப்படும். ஆயினும் இறுதி முடிவு விருந்தளிக்கும் நாட்டின் நீதிமன்றத்துடையது. இரண்டே வாக்கியங்கள். நான் எழுதியவற்றில் இன்றுவரை எனக்கு முழுத் திருப்தி தந்த இரண்டு வாக்கியங்கள் அவைதான்.

எழுதியாயிற்று. பேசுவது எப்படி? இதற்கு என்னிடம் இருந்த ஒரே வல்லுநர் அம்மா.

அம்மா திரைச்சீலைத் துணி வாங்குவதைப் பார்த்தவர்கள் அதன் பிறகு ராஜதந்திரம் என்ற சொல்லை அலட்சியமாகப் பயன்படுத்த மாட்டார்கள். கடைக்காரர் ஒரு விலை சொல்வார். அம்மா அதைக் கேட்டு, யாரோ தூரத்து உறவினர் இறந்த செய்தி வந்ததுபோல் ஒரு நிமிடம் மௌனமாக இருப்பார். பிறகு துணியை மடித்து (தானே மடிப்பார், அது முக்கியம்), மேசைமேல் வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்குவார். சில அடிகள் போவதற்குள், "பாபிஜி, ஆயியே, ஆயியே" என்று இந்தியில் திரும்ப வரச்சொல்லும் குரல் பின்னால் ஓடிவரும். என் இருபது வயதுக்குள் அந்தக் குரல் வராமல் போனதை நான் பார்த்ததே இல்லை.

"உனக்குத்தான் பேச்சு வராதே மதி," என்றார் அம்மா. "விடு. கால்தான் இருக்கே. ஒத்துவரலைன்னா எந்திரிச்சு நட. அவங்களே கூப்பிடுவாங்க."

பேசாமலேயே பேரம் பேசலாம் என்பதை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. என் குணத்துக்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட வழி இது என்று தோன்றியது. அன்றிரவு என் அறையில், கட்டிலிலிருந்து அலமாரிவரை, கண்ணியமாக எழுந்து நடக்கப் பழகினேன். பத்துத் தடவை. (கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். மிகவும் நன்றாக இருந்தது.)

மாநாட்டு நாளில் என் குழுவில் இரண்டே பேர்: நானும் நிரோஷனும். நிரோஷன் யாழ்ப்பாணத்துப் பையன், முதலாண்டு கணக்கியல் மாணவன். சொன்னதைச் சொன்னபடி செய்பவன். அதுவே பின்னால் எனக்கு எமனாக வந்தது.

எதிரே வடமலைத் தூதுக்குழுவின் தலைவியாக ஷமீமா. கீழக்கரைக் குடும்பம், அவளுடைய வாப்பா இந்த நகரத்தில் முப்பது ஆண்டுகளாகத் துணிக்கடை வைத்திருக்கிறார். அவள் தன் பள்ளி வீட்டுப்பாடங்களையெல்லாம் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியவள். இந்தத் தகவல் எனக்கு முன்பே தெரியும். அதன் பொருள் என்ன என்று யோசிக்கத்தான் தோன்றவில்லை.

அவைத்தலைவர், சட்டத் துறைப் பேராசிரியை ஹனான். அவை முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. இங்கே தமிழில் தருகிறேன்.

காலை அமர்வு, நானே வியக்கும்படி, எனக்குச் சாதகமாகப் போயிற்று. எழுதி வைத்ததைப் படித்தேன், தலைகளை ஆட்டினார்கள். ஓட்டுநர் உரிமம் முடிந்தது. சுங்கத் தீர்வை முடிந்தது. ஷமீமாவின் வரைவில் சில விசித்திரமான கோரிக்கைகள் இருந்தன. வீரர்கள் வணிக வளாகங்களுக்குச் சீருடையில் வரலாம். அவர்களுடைய சமையற்காரர்கள், சலவைக்காரர்கள் எல்லோருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. உச்சமாக, படையினரின் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இவ்வுடன்படிக்கை பொருந்தும். ஒரு வெளிநாட்டுப் பூனை நம்மூர்க்காரரைப் பிறாண்டினால், அந்தப் பூனையை வடமலை நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கலாம் என்று இதற்குப் பொருள். இவற்றையெல்லாம் அடைப்புக்குறிக்குள் போட்டு, பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தோம்.

அடுத்தது பன்னிரண்டாம் பிரிவு.

"தளபதியின் சான்றே இறுதியானது," என்றாள் ஷமீமா. "எங்கள் வீரர் பணியில் இருந்தாரா என்பது எங்களுக்குத்தான் தெரியும்."

நான் என் இரண்டு வாக்கியங்களைப் படித்தேன். பின்வரிசையில் சட்ட அலுவலகத்து அம்மையார் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். அதை என் கண்ணால் பார்த்தேன். அந்த நொடியில் எழுந்து, அடிபட்டவன் ஒரு நாட்டவனாக இருக்க, கடிதம் எழுதுபவன் மட்டும் இடித்தவனின் நாட்டவனாக இருப்பது நியாயமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். செல்வராஜ் அண்ணன் அதைத் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தார்.

"இதுவே எங்கள் இறுதி நிலைப்பாடு," என்றாள் ஷமீமா.

கடைக்காரர் விலை சொல்லிவிட்டார். நான் ஒரு நிமிடம் துக்கம் காத்தேன். பிறகு கோப்பினை மூடினேன் (நானே மூடினேன், அது முக்கியம்). எழுந்தேன். "இந்நிலையில் எமது தூதுக்குழு பேச்சுவார்த்தையைத் தொடர இயலாது," என்றேன். என் வாழ்க்கையில் எழுதி வைக்காமல் சொன்ன முதல் நீண்ட வாக்கியம் அது. நிரோஷனின் காதருகே குனிந்து, "நான் திரும்பி வர்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கவே கூடாது," என்று சொன்னேன். நடந்தேன். கம்பளத்தில் காலடி ஓசையே கேட்கவில்லை. அது ஒரு குறை. ஆயினும் முதுகு நேராக இருந்தது. கதவைத் திறந்தேன். வெளியே வந்தேன். கதவு பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று பக்கத்திலிருந்த தூணுக்குப் பின்னால் நின்றேன். ஒரு நிமிடம் ஆயிற்று. கதவு கனமானது, உள்ளிருந்து கூப்பிட்டாலும் கேட்காது, ஆகவே யாராவது நேரில் வந்துதான் அழைக்க வேண்டும், அதற்கு நேரமாகும் என்று கணக்குப் போட்டேன். மூன்று நிமிடம் ஆயிற்று. சரி, நானே கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம் என்று கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. அட்டையைக் காட்டினால்தான் வெளியிலிருந்து திறக்கும். என் அட்டை, என் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், என் காலி நாற்காலிக்கு எதிரே, மேசைமேல் இருந்தது.

தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டு வந்த துப்புரவுப் பணியாளர் என்னருகே நின்றார். முகத்தைப் பார்த்தே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்னம்மா, வெளியில நிக்கச் சொல்லிட்டாங்களா?"

"இல்லைங்க. நானாத்தான் வந்தேன்."

"எதுக்கு?"

"அவங்க கூப்பிடுறாங்களான்னு பார்க்க."

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உள்ள இருந்தவங்களை விட்டுட்டு வெளிய வந்து, உள்ள கூப்பிடச் சொல்லி நிக்கிறீங்களா?" என்று கேட்டார். கேலியே இல்லை, புரிந்துகொள்ளும் முயற்சி மட்டுமே இருந்தது. அத்தனை ஆண்டு இலக்கியப் படிப்பில், ஒரு பாத்திரத்தின் நிலையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விமரிசகரை நான் கண்டதில்லை.

"அந்தப் பக்கம் நில்லுங்க, ஈரமா இருக்கு," என்று சொல்லித் தூணுக்கு இப்புறம் நகர்த்தினார். அப்போது உள்ளே கைதட்டல் கேட்டது.

"நல்ல விசயம்தான் போல," என்றார் அவர்.

என் உறுதியைப் பாராட்டுகிறார்கள் என்று நான் நினைத்தேன். (அப்படித்தான் நினைத்தேன். இதை மறைத்து என்ன பயன்?) அவர் இரக்கப்பட்டுத் தன் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஷமீமா பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். நிரோஷன் மட்டும் உட்கார்ந்திருந்தான், இரண்டு உதடுகளையும் உள்ளே இழுத்து மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்தவன்போல.

பேராசிரியை ஹனான் எனக்கு விளக்கினார். மாநாட்டு விதிப்படி, தலைவர் அவையில் இல்லாதபோது குழுவின் அடுத்த உறுப்பினர் அவருக்காகப் பேசலாம். எதிர்த்தரப்பின் வரைவை முன்வைத்து அவைத்தலைவர் மூன்று முறை ஆட்சேபம் கேட்பார். ஆட்சேபம் எழாவிட்டால், அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அவர் கேட்டிருக்கிறார். மூன்று முறையும் நிரோஷனின் முகத்தைப் பார்த்தே கேட்டிருக்கிறார். மூன்றாம் முறை, பாவம், சற்று மெதுவாகவே கேட்டிருக்கிறார்.

அந்த விதிக் கையேட்டை நான் முழுதாகப் படித்திருந்தேன். ஏழாம் பக்கத்தில் ஓர் அச்சுப்பிழையைக்கூடக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன். விதி என்ன சொல்கிறது என்பதைத்தான் கவனிக்கவில்லை.

"ஏன் நிரோஷன், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "இப்ப கதைக்கலாமோ?"

"கதைங்க!"

"நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள், வாய் திறக்க வேண்டாம் எண்டு. அவ என்னைப் பாத்துப் பாத்துக் கேக்குறா. எனக்கெண்டா அழுகையே வந்திட்டுது. எண்டாலும் நான் திறக்கேல்லை." அவன் குரலில் வேதனையும் பெருமையும் சரிபாதியாக இருந்தன.

பன்னிரண்டாம் பிரிவு மட்டும் போகவில்லை. அடைப்புக்குறிக்குள் இருந்த அத்தனையும் சேர்ந்தே நிறைவேறியிருந்தன. சமையற்காரர்கள், சலவைக்காரர்கள், வணிக வளாகத்தில் சீருடை, பூனை. என் ஆட்சியில் கடலோரக் குடியரசு, அந்நியப் பூனைகளுக்கு முழுச் சட்டப் பாதுகாப்பு அளித்த உலகின் முதல் நாடாயிற்று.

தேநீர் இடைவேளையில் ஷமீமா இரண்டு கோப்பையோடு வந்து ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"அந்தப் பூனையெல்லாம் நிஜமாவே கேட்டியா?" என்றேன்.

"ச்சீ. அது நீ குறைக்கச் சொல்றதுக்காக ஏத்தி வெச்ச விலை. நீ பூனையை எடுக்கச் சொல்லுவே, நான் பெரிய மனசு பண்ணி எடுப்பேன், பதிலுக்கு வேற ஏதாச்சும் வாங்கிக்கலாம்னு பார்த்தேன். நீ பூனையையும் சேர்த்துக் குடுத்துட்டுப் போயிட்டே!"

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே ஷமீமா."

"எதுக்குக் கூப்பிடணும்? கதவுகிட்ட ரெண்டு தரம் திரும்பிப் பார்த்தியே. எங்க வாப்பா கடையில பொறந்ததுலேருந்து பார்க்கிறேன். வேணாம்னு போறவங்க திரும்பிப் பார்க்க மாட்டாங்க. திரும்பிப் பார்க்கிறவங்க வந்துடுவாங்க. அவங்களைக் கூப்பிட்டா நமக்குத்தான் நட்டம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "உன் பன்னெண்டு நல்லா இருந்துச்சுடி. நீ உட்கார்ந்திருந்தா நான் தோத்திருப்பேன்," என்றாள்.

பயிற்சிப் பணி அவளுக்கே கிடைத்தது. சட்ட அலுவலகத்து அம்மையார் போகும்போது என்னிடம் நின்றார். கோப்பில் இருந்தவற்றிலேயே மிகச் சிறந்த வரைவு என்னுடையதுதான் என்றார். அதைக் காப்பாற்ற நாற்காலியில் ஆள் இல்லாமல் போனதுதான் வருத்தம் என்றும் சொன்னார். மிகவும் கனிவாகச் சொன்னார். கனிவில்லாமல் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, அம்மாதான் இதற்கெல்லாம் காரணம் என்று அறிவிக்கும் நோக்கத்தோடு, நடந்ததைச் சொன்னேன். அம்மா குற்றப் புலனாய்வு அதிகாரிபோல் கேட்டார்.

"எவ்வளவு தூரம் நடந்தே?"

"கதவுவரைக்கும்."

"அப்புறம்?"

"வெளியே போயிட்டேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "வெளியவா போனே?"

"நீங்கதானே நடக்கச் சொன்னீங்க!"

"அடிப் பாவி, கடைக்குள்ளதானடி நடக்கணும்! அடுத்த துணியைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே, அவன் கண்ணுல படுற மாதிரி நடக்கணும். என்னைக்காவது நான் வாசலைத் தாண்டி நீ பார்த்திருக்கியா? வாசலைத் தாண்டினா அது நிஜமாவே போறது. அப்புறம் எவன் கூப்பிடுவான்?"

நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். இருபது ஆண்டுகளாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்; ஒருமுறைகூட வெயிலுக்கு வந்ததில்லை. வரிக்கு வரி படிப்பவள் என்று பெயரெடுத்த நான், என் அம்மாவை இத்தனை மேம்போக்காகப் படித்திருக்கிறேன்.

செல்வராஜ் அண்ணனிடம் அப்பா சொல்லியிருக்கிறார். "எழுதினுச்சுல்ல? அது போதும். அடுத்த தடவை எந்திரிக்காம இருக்கச் சொல்லுங்க," என்றாராம் அவர். அடுத்த மாதமே நான் திருச்சிக்குப் புறப்பட்டேன். அறையில் நான்கு பேர் இல்லை. ஆறு பேர். மூன்றாம் நாளிலேயே யார் எப்போது குளிப்பது என்று ஓர் உடன்படிக்கை தேவைப்பட்டது. ஏழு பிரிவுகளோடு நானே எழுதினேன். அது நிறைவேறி முடியும்வரை கட்டிலைவிட்டு இறங்கவில்லை. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் அபுதாபி வீட்டில் எனக்கு மீட்சியில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து யாராவது கைகழுவ எழுந்தால் போதும், அப்பா உடனே மேசையைத் தட்டி, "ஆட்சேபம் உண்டா? ஆட்சேபம் உண்டா? ஆட்சேபம் உண்டா?" என்று மூச்சுவிடாமல் கேட்டு, எதையாவது நிறைவேற்றிவிடுவார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது விடுமுறைப் பயணத்தின் தேதி மாறியிருக்கிறது. அம்மா பாலை இறக்கப் போன நேரத்தில் வீட்டுக்குப் புதிய தொலைக்காட்சி வந்திருக்கிறது. ஷமீமா ஒருநாள் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவள் இதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டிலும் அமல்படுத்திவிட்டாள்.

சென்ற விடுமுறையில் சவூதியின் யான்பு நகரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பொறியாளர், நல்ல குடும்பம், புகைப்படத்தில் நீலச் சட்டை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு தொடங்கியது. அம்மா ஜாதகத்தை எடுத்தார்; அப்பா தொலைபேசியில் மாமாவைப் பிடித்தார். கூடத்தில் ஏசி வேலை செய்யவில்லை. எனக்குத் தாகமாக இருந்தது. கைபேசி உள்ளறையில் அடித்து அடித்து ஓய்ந்தது. "போய்த் தண்ணி குடிச்சிட்டு வாயேன் மதி, முகமெல்லாம் வாடியிருக்கு," என்றார் அப்பா, என்றுமில்லாத பரிவோடு.

நான் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். மூன்று மணிநேரம் அசையவில்லை. கடைசியில் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கம்போல், "ஆட்சேபம் உண்டா?" என்று முதல் முறை கேட்டார்.

"உண்டு," என்றேன். எழுதி வைத்துக்கொள்ளாமல்.